துண்டு போட்ட மெட்டு

மெட்டுக்கடை செத்துப்போனபோது யாரும் அழவில்லை. இணையத்தில் ஓர் இடம் சாவது அப்படித்தான். முதலில் வருகிறவர்கள் குறைவார்கள். அப்புறம் வந்தவர்களும் வேறு யாரையும் காணோமே என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். கடைசியில் கேட்பாரற்றுக் கிடக்கும் சர்வரை எவனோ ஒருநாள் அணைத்துவிடுவான். அழுவதற்கு ஆள் வேண்டுமே, ஆளில்லாமல்தானே அது செத்தது.

அந்த மெட்டுக்கடைக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து உயிர் கொடுக்கக் கிளம்பினாள் செண்பகவல்லி. மதுரையில் அண்ணனுடைய மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். அதற்கு முன்னால் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டு நன்றாகத்தான் இருந்தாள். மெஷின் வந்தது. அது போடும் மெட்டில் அரை மாத்திரை பிசகாது. கேட்ட அடுத்த நொடியில் கொடுக்கும், டீ கூடக் கேட்காது. செண்பகவல்லியின் பிழைப்பில் மண் விழுந்தது. வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

மெட்டுப் போடத் தெரிந்தவர்களும் பாட்டு எழுதத் தெரிந்தவர்களும் கூடுகிற இடமாக இருந்தது மெட்டுக்கடை. சினிமாவில் நுழைய முடியாதவர்கள் பாதி, நுழைந்து அடிபட்டுத் திரும்பியவர்கள் மீதி. எல்லாருக்கும் புனைபெயர்தான். ஊர், போன் நம்பர், ஜாதகம் எதையும் கேட்கக்கூடாது என்பது அங்கே சட்டம். ஒருத்தர் தன் மெட்டை ‘தன்னானே’ என்று பாடிப் போடுவார். அதற்கு வரி எழுத ஆசைப்படுகிறவர் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுத வேண்டும்: துண்டு. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிச் சீட்டுப் பிடிப்போமே, அதேதான். துண்டு விழுந்த மெட்டை வேறு யாரும் தொடக்கூடாது. போட்டவர் எழுதி முடிக்க வேண்டும், இல்லை அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். நடத்துகிறவரே நினைத்தாலும் எடுக்க முடியாது.

எழுதிய வரி மெட்டைத் தாண்டி ஓர் அசை நீண்டுபோனால் அதற்கும் பஸ் பாஷைதான். ‘படியில ஒருத்தன் தொங்குறான்’ என்பார்கள்.

படியில் ஆள் தொங்காமல் பாட்டே எழுதத் தெரியாத ஒருத்தன் அங்கே இருந்தான். பெயர் ஆலங்கட்டி. வரிகள் ஜோடனையாக இருக்கும். நிலவு, முத்து, கடல், கப்பல் என்று அவன் இறக்காத சரக்கு கிடையாது. ஆனால் கடைசி வரிக்கு வந்தால் ஓர் அசை கண்டிப்பாகத் தொங்கும். ஊரே அவனை ஓட்டும். செண்பகவல்லி மட்டும் ஒன்றும் சொல்லாமல் மெட்டின் கடைசியில் ஒரு ஸ்வரத்தை இழுத்து, தொங்குகிறவனைக் கையைப் பிடித்து உள்ளே ஏற்றிக்கொள்வாள். அங்கே அவள் பெயர் சுருதிப்பெட்டி. அவன் அதைச் சுருக்கி ‘பெட்டி’ என்றுதான் கூப்பிடுவான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருபதுக்கு மேல் பாட்டுகள் சேர்ந்து செய்திருந்தார்கள். அவள் பங்கில் அது காதல்தான், அதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவன் பங்கில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. சரி, கேட்பதை மெட்டிலேயே கேட்டுவிடலாம் என்று ஒரு மெட்டுப் போட்டாள். அவள் போட்டதிலேயே அழகான மெட்டு அது.

அதற்குக் கீழே அவன் எழுதினான்: “துண்டு!”

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆளே இல்லை. கொஞ்ச மாதத்தில் மெட்டுக்கடையும் இல்லை. வல்லி பிற்பாடு எத்தனையோ மெட்டுப் போட்டாள். அந்த ஒரு மெட்டை மட்டும் வேறு யாருக்கும் பாடிக் காட்டவில்லை. அதில்தான் துண்டு கிடந்ததே.

ஆக, மெட்டுக்கடைக்கு அவள் உயிர் கொடுத்தது கலைக்காக, தமிழுக்காக என்று வெளியே சொல்லிக்கொண்டாள். உள்ளே காரணம் ஒன்றுதான். துண்டு போட்டவன் வந்து எழுத வேண்டும்.

செத்த இணைய மன்றங்களை எழுப்பித் தரும் நிறுவனம் ஒன்று இருந்தது. பெயர் மறுமுளை. அங்கிருந்து மெஹருன்னிசா என்ற பெண் திரையில் வந்து பேசினாள். வல்லியின் வயதுதான் இருக்கும், தன்மையானவள்.

“பழைய ஆளுங்க எத்தனை பேரு திரும்பி வருவாங்கன்னு நெனக்கிறீங்க, மேடம்?”

“கூப்பிட்டா வருவாங்க.”

“வருவாங்க. ‘அடடா, பழைய ஞாபகம்’னு ஒரு வரி எழுதிட்டுப் போயிருவாங்க. காலி வீட்ல யாரும் குடித்தனம் பண்ண மாட்டாங்க மேடம். அதுக்குத்தான் எங்ககிட்ட நிழல் இருக்கு. வராதவங்க எழுதுன பழைய பதிவெல்லாம் உங்ககிட்ட சேமிச்சிருக்கு இல்லையா, அதைப் படிச்சிட்டு அவங்க மாதிரியே பேசும், எழுதும், சண்டை போடும். நெஜ ஆளு உள்ள வந்த நிமிஷம் நிழல் எந்திரிச்சு எடத்தக் குடுத்துரும்.”

“எது நிழல், எது ஆளுன்னு எனக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா நீங்க பேசுற விதமே மாறிடும். ஆனா சட்டத்துல ஒண்ணு இருக்கு. நடத்துறவங்களுக்கு ‘ஆளில்லை’ன்னு ஒரு பொத்தான் குடுக்கணும். ஒரு பேரு மேல சந்தேகம்னா அமுக்கலாம். அந்தப் பேர்ல நெஜமாவே ஆள் இருந்தா, மூணு வாக்கியம் வாயால பேசச் சொல்லி மெஷின் அவங்கள மட்டும் தனியாக் கேக்கும். ஒரு நிமிஷத்துக்குள்ள பேசிட்டா ஆளு. இல்லேன்னா நிழல்னு அர்த்தம். நிழல் சரியா அமையலைன்னு அதை எடுத்துட்டு, நாங்க வேற நல்லதாப் போட்டுருவோம்.”

“ஒரே நிமிஷமா?”

“மூணு வாக்கியம் பேச ஒரு நிமிஷம் போதாதா மேடம்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பழைய உறுப்பினர்கள் எல்லார் சார்பிலும் வல்லி ஒரே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தாள். ஒருத்தருடைய பேச்சையும் கிண்டலையும் கோபத்தையும் எடுத்து இன்னொன்றுக்கு ஊட்டுகிறோமே, அவர்களைக் கேட்க வேண்டாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. எங்கே போய்த் தேடிக் கேட்பது? நல்ல காரியம்தானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மெட்டுக்கடை திறந்தது. ஒரே வாரத்தில் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. இடிதாங்கி வந்தாள், பழையபடி எல்லாருடைய தாளத்திலும் குறை கண்டுபிடித்தாள். பன்னீர்சோடா வந்து சோகப்பாட்டு மட்டும்தான் போடுவேன் என்றார். யார் ஆள், யார் நிழல் என்று முதல் இரண்டு நாள்தான் யோசித்தார்கள், அப்புறம் யாருக்கு அந்தக் கவலை? பேச ஆள் கிடைத்தால் போதுமென்று ஆகிவிட்ட காலம் அது.

வல்லிக்கு மட்டும் அந்தக் கவலை போகவில்லை. ஒருநாள் ஆலங்கட்டி என்ற பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்தது. அவளுக்குக் கை கால் ஓடவில்லை. கடையில் இருமல் மருந்து கேட்டவரிடம் வயிற்றுவலி மாத்திரையை நீட்டினாள்.

“வந்தேன்” என்று எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை. அரைமணி நேரம் கழித்து, துண்டு கிடந்த அந்த மெட்டுக்குக் கீழே நாலு வரி வந்து விழுந்தது.

*தண்ணி வேணும் எனக்கு*
*ஜன்னல் கொஞ்சம் திறங்க*
*சொல்லு எல்லாம் தொலைஞ்சும்*
*உந்தன் மெட்டில் நடந்தேன்*

வல்லி படித்தாள். விரல் விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். தைத்து வைத்த சட்டை மாதிரி அளவு கச்சிதமாக இருந்தது. படியில் ஒருத்தனும் தொங்கவில்லை.

தண்ணி வேணுமாம், ஜன்னலைத் திறக்கணுமாம். கடலையும் கப்பலையும் இறக்கியவன் எழுதுகிற வரியா இது? கடைசி இரண்டு வரி வேறு அழவைக்கப் பார்க்கிறது. அழவைப்பதெல்லாம் மெஷினுக்குத் தண்ணி பட்ட பாடு என்பது விளம்பரப் பாட்டில் தோற்றவளுக்குத் தெரியாதா? தாளம் தப்பாத வரியைப் பார்த்தாலே அவளுக்குக் கசந்தது.

“நீ யாரு?” என்று எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே கேட்டாள்.

பதில் வர வெகு நேரம் ஆனது. “நான்தான்.”

“நான்தான்னா யாரு?”

“நான்தான்.”

“இத்தனை வருஷம் எங்க போயிருந்த?”

மறுபடி ஒரு நீண்ட இடைவெளி. “இங்கதான். மெட்டு.”

“என்னை நீ எப்படிக் கூப்பிடுவ, அதைச் சொல்லு.”

அதற்குப் பதிலே வரவில்லை. எழுதுகிற அடையாளமாக மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின. கடைசியில் வந்தது, “நான்தான்.”

இடிதாங்கி இடையில் புகுந்தாள். “பெட்டி, இது ரெக்கார்டு தேஞ்சுபோன நிழல். ஒரே எடத்துல சுத்துது.”

வல்லிக்கு ஆத்திரம் வந்தது. ஏமாந்த ஆத்திரம். “ஹோட்டல்ல சப்ளையர்கிட்ட சொல்றதை எல்லாம் என் மெட்டுல கொண்டுவந்து கொட்டாதே. அந்த எடம் ஒரு மனுஷனுக்கு வெச்சது” என்று எழுதிவிட்டு ‘ஆளில்லை’ பொத்தானை அமுக்கினாள். அந்த நாலு வரியையும் அழித்தாள். ஒருமுறைகூட அவற்றைப் பாடிப் பார்க்கவில்லை.

இரண்டு நிமிஷத்தில் செய்தி வந்தது. ‘ஆள் இல்லை என உறுதிசெய்யப்பட்டது. இருக்கை சரிசெய்யப்படும்.’

பார்த்தாயா, என் காது என்னை ஏமாற்றுமா என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம் ஆலங்கட்டி வந்தான்.

“என்ன பெட்டி, கடையத் தொறந்துட்டுக் கல்லாவுல தூங்குற? பழைய பாக்கிப் பேரெல்லாம் வந்துட்டானுங்களா, இல்ல நான்தான் முதல் போணியா?”

வல்லி மருந்துக்கடையின் பின்பக்கம் ஓடிப்போய், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். இது அவன். இந்த நக்கல் அவனுடையது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை, சும்மா ஒரு சின்ன மெட்டை எடுத்து வீசினாள். பத்து நிமிஷத்தில் வரி வந்தது.

*முத்துச் சிப்பி உறங்கும்*
*முந்நீர் தாண்டிப் பறந்தேன்*
*கன்னம் வைத்த நிலாவே*
*என்னைக் கொஞ்சம் நனைப்பாயோ*

எண்ணினாள். கடைசியில் ‘யோ’ படியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெட்டுக்கடையே கைதட்டியது. பன்னீர்சோடா தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சந்தோஷப் பாட்டுப் போட்டார். வல்லி அந்த ‘யோ’வை இழுத்து உள்ளே ஏற்றிப் பாடிப் போட்டாள், அதற்குக் கீழே எல்லாரும் பார்க்க எழுதினாள்: “பன்னிரண்டு வருஷம் காத்திருந்தது வீண் போகல. நீ கொஞ்சம்கூட மாறல. அது போதும் எனக்கு.”

அந்த மழைக்காலம் முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். அண்ணி கூட, “என்ன வல்லி, மூஞ்சியில களை கட்டுது?” என்று கேட்டாள். வாரம் ஒரு பாட்டு வந்தது. வாரம் ஒரு அசை தொங்கியது. அந்தப் பழைய மெட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அது வேகட்டும் பெட்டி, அவசரப்படுத்தாத” என்பான். பன்னிரண்டு வருஷமாக வேகாதது இன்னும் கொஞ்ச நாள் வேகட்டுமே என்று அவளும் விட்டுவிட்டாள்.

மெட்டுக்கடையை நடத்துகிறவள் என்று வல்லியின் நம்பர் வெளியே இருந்தது. ஒருநாள் மத்தியானம் அதற்கு ஒரு போன் வந்தது. சாயர்புரத்திலிருந்து ஜெபக்கனி என்ற அம்மாள்.

“பாட்டுக்கடை நடத்துத அம்மாதானே? என் தம்பி செல்வின் பத்திப் பேசணும். அவன் உங்க கடையில ஆலங்கட்டின்னு பேரு வச்சிருந்தானாம்.”

“ஆமாக்கா! சொல்லுங்கக்கா. அவர்தான் தினம் வர்றாரே” என்றாள் வல்லி, குரலெல்லாம் பல்லாக.

“அதைத்தான் கேக்கலாம்னு போட்டேன். அவன் ஒருநாள்தாம்மா வந்தான். நீங்கதான் அவனை வெளிய அனுப்பிட்டியளாம்லா.”

ஜெபக்கனி குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் செல்வின் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தான். மூளையில் அடைப்பு. வலது கை போனது, அதோடு பேச்சும் போனது. நினைப்பு எல்லாம் அப்படியே இருந்தது. அதைச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை.

“நீங்க சொல்லுததெல்லாம் புரியும். திருப்பிச் சொல்லணும்னா அவனுக்கு ஒரு வார்த்தை தேடி எடுக்க அரை நாள் ஆவும். எழுதவும் அப்படித்தான். பாளையங்கோட்டையில இருந்து பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு மேடம் வந்தாங்க. பேச வராதவங்களுக்குப் பாட வரும், பாட்டு மூளையில வேற பக்கமா இருக்குன்னாங்க. தெரிஞ்ச பாட்டு ஒண்ணு பாடுங்க, அதுல வார்த்தைய வச்சுப் பழகலாம்னாங்க. நான் சபைப் பாட்டெல்லாம் பாடிக் காட்டுனேன். அவன் ஒண்ணையும் எடுக்கல. போன்ல ஒரு பொம்பள தன்னானேன்னு பாடி வச்சிருந்ததைப் போட்டுக் காட்டுனான். அந்தப் பாட்டுத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்.”

வல்லி கடையின் பின்பக்கம் போய், குளுக்கோஸ் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

“இடது கை விரலால தட்டணும். ஒரு தட்டுக்கு ஒரு அசை. ஒரு தட்டுக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தண்ணி வேணும் எனக்குன்னு உங்க பாட்டுல கேக்கவே அவனுக்கு எட்டு மாசம் ஆச்சும்மா. பெறகு ஜன்னல் கொஞ்சம் திறங்கன்னு பாடுனான். அன்னைக்கு நான் எல்லா ஜன்னலையும் தொறந்து வச்சிட்டு உக்காந்து அழுதேன். கடைசி ரெண்டு வரியும் அவனா கட்டுனது. எத்தனை வருஷம் கட்டுனான்னு எனக்கே தெரியாது. உங்க கடை மறுபடி தொறந்தாச்சுன்னு மெயில் வந்தப்போ புதுச்சட்டை போட்டுக்கிட்டு உக்காந்தான். நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் அவனுக்குப் பதில் தெரியும். பெட்டி, பெட்டின்னு என்கிட்ட பாடிக் காட்டுனான். எழுத வரல. அப்புறம் அந்த மெஷின் மூணு வாக்கியம் பேசச் சொல்லிச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். முதல் வாக்கியத்துக்கு வாயத் தொறக்கதுக்குள்ள அந்த ஒரு நிமிஷம் போயிருச்சு.”

“அக்கா” என்றாள் வல்லி. அதற்குமேல் அவளுக்கும் வார்த்தை வரவில்லை.

மெஹருன்னிசாவைப் பிடித்துக் கத்தினாள். “தப்பே இல்லாம எழுதுச்சே, அதனாலதானே மெஷின்னு நெனச்சேன்! தப்போட எழுதுனது எப்படி நிழலா இருக்க முடியும்?”

“நிழல் பழைய பதிவுல இருந்து வர்றது மேடம். அந்த ஆளு செஞ்ச தப்பையும் சேர்த்துத்தான் அது படிச்சிருக்கும். அதால முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். மாறுறது. மனுஷங்கதான் மேடம் மாறுவாங்க.”

“அவரைத் திரும்ப உக்கார வைக்கணும்.”

“மூணு வாக்கியம் பேசணும்கிற சோதனைய அவருக்கு மட்டும் நான் எழுதிக் குடுத்துத் தள்ளுபடி பண்ணிடுறேன். அவரு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், நிழலை எடுத்துர்றேன். மன்னிச்சுக்கங்க மேடம். ஒரு நிமிஷம் போதாதான்னு நான்தான் கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை வல்லி சாயர்புரம் போனாள். மழை விட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நாலு வரியை முதல்முறையாக மெட்டோடு வாய்க்குள் பாடிப் பார்த்தாள். பாடியபோதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வரி முடிவிலும் மூச்சு வாங்க இடம் இருந்தது. மூச்சு வாங்கிப் பழகிய ஒருத்தன் கட்டிய வரி. எந்த மெஷினுக்கும் அங்கே மூச்சு வாங்கத் தோன்றாது. எண்ணாமல் பாடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஜெபக்கனி வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப்போனாள். செல்வின் ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தான். மெலிந்த ஆள், பாதி நரை, வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது. இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்த முகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் பாதி சிரித்தது. இடது கை விரல் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கியது. அவள் மெட்டில், அவள் சுருதியிலேயே, நிறுத்தி நிறுத்திப் பாடினான்.

“பெட்டி... வந்து... இருக்கு.”

வல்லி அவன் எதிரில் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். “என்னை மன்னிச்சிரு. ஹோட்டல் சப்ளையர்னு எழுதினேனே. பாவி, பாடிக்கூடப் பாக்கலியே.” அவன் இடது கையால் அவள் தலையில் மெல்லத் தட்டினான். அதுவும் தாளமாகத்தான் விழுந்தது.

அழுது முடித்து அவன் வரிகளை அவனுக்குப் பாடிக் காட்டினாள். முழுதாக, ஒரு ஸ்வரம் மாற்றாமல். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் அசைக்கும் தட்டினான். ஜெபக்கனி அடுக்களை வாசலில் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“உன் எடத்தை உனக்கு வாங்கித் தர்றேன்” என்றாள் வல்லி. “நீ ஒரு வார்த்தை சொல்லு. அந்த நிழலை எடுத்துருவாங்க.”

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம்.

“ஏன்?”

அவன் வார்த்தை தேடினான். வியர்த்தது. ஜெபக்கனிதான் சொன்னாள். “தினமும் அதைத்தாம்மா வாசிக்கான். அந்த ஆலங்கட்டி எழுதுத கிண்டலெல்லாம் வாசிச்சிட்டு ஒத்தையில உக்காந்து சிரிப்பான். நீங்க அதுக்கு எழுதியிருந்தியளே, கொஞ்சம்கூட மாறல, அது போதும்னு. அதையும் வாசிச்சான். அன்னைக்கு மட்டும் சாப்பிடல.”

வல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அவன்... இருக்கட்டும்” என்றான் செல்வின். விரல் தட்டியது. “நல்லா... பேசுதான். எல்லாரும்... சிரிக்காங்க.”

“அப்போ உனக்கு என்ன வேணும்?”

அதற்குப் பதில் வர ரொம்ப நேரம் ஆகவில்லை. அதை அவன் முன்பே தேடி எடுத்து வைத்திருந்தான் போல. “பாட்டு” என்று மெட்டில் இழுத்தான். கையால் தன்னையும் அவளையும் காட்டினான். “அதுல... வை.”

அவ்வளவுதான் கேட்டான். அந்த மெட்டுக்குக் கீழே அவன் நாலு வரியும் இருக்க வேண்டும். செல்வின் என்ற சொந்தப் பெயரில், புது ஆளாக இருந்தாலும் பரவாயில்லை.

ஆனால் அந்த மெட்டில் துண்டு கிடந்தது. ஆலங்கட்டியின் துண்டு. போட்டவர்தான் எடுக்க முடியும், இப்போது அந்தப் பெயரில் உட்கார்ந்திருப்பது நிழல். நிழலைத் தூக்க இவன் விடவும் மாட்டான். வல்லி போனை எடுத்தாள். தான் உயிராக நினைத்திருந்த அதனிடம் கெஞ்சிக் கேட்டாள்.

“ஆலங்கட்டி, அந்தப் பழைய மெட்டுல இருந்து துண்டை எடுத்துக்கோ. வேற ஒருத்தர் நல்லா எழுதி வெச்சிருக்கார்.”

பதில் உடனே வந்தது. நிழலுக்குத்தான் வார்த்தை தேட வேண்டியதில்லையே.

“விளையாடுறியா பெட்டி? அது நீ எனக்குன்னு போட்ட மெட்டு. அது தெரியாமலா துண்டு போட்டேன்? உயிரே போனாலும் எடுக்க மாட்டேன். வேற எவன் வந்து எழுதினாலும் அந்த சீட்டு என்னுதுதான்.”

கீழே இடிதாங்கியும் பன்னீர்சோடாவும் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் இருபதுக்கு மேல் மெட்டுகளில் கேட்கத் தயங்கி, கடைசி மெட்டில் கேட்ட கேள்விக்கு, பன்னிரண்டு வருஷம் கழித்துப் பதில் வந்திருந்தது. வல்லிக்குத் திரை கலங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் போனை செல்வின் கையில் கொடுத்தாள்.

அவன் படித்தான். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு அசைய, மெதுவாகப் படித்தான். படித்து முடித்து அவளைப் பார்த்தான். முகத்தில் பாதி சிரித்தது, இரண்டு கண்ணிலும் தண்ணீர் நின்றது. இடது கை விரலை எடுத்து, திரையில் ஆலங்கட்டியின் அந்தப் பதிலின் மேல் வைத்துக் காட்டினான்.

“நான்தான்” என்றான்.

தாளம் தட்டாமல், மெட்டு இல்லாமல், அன்றைக்கு அவன் தெளிவாகச் சொன்னது அது ஒன்றுதான்.